வயலில் திடீர்ப் பூச்சி: அறிகுறியைப் பார்த்து, வானிலையைப் பின்னோக்கி எண்ணிக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

"நேற்று சாயங்காலம் வரை பயிர் சுத்தமாக இருந்தது, விடிந்து பார்த்தால் புழு." இதைச் சொல்லாத விவசாயி இல்லை. அந்துப்பூச்சியும் தத்துப்பூச்சியும் ஒரே இரவில் வந்து இறங்கக்கூடியவைதான். ஆனால் நாம் கண்ணால் பார்க்கும் சேதம் அந்த இரவில் நடந்தது கிடையாது. மக்காச்சோள இலையில் முதல் சுரண்டல் தெரிகிறது என்றால், தாய் அந்துப்பூச்சி முட்டை வைத்து ஏறக்குறைய ஒரு வாரம் ஆகியிருக்கும். நெல் வட்ட வட்டமாகக் காய்கிறது என்றால், புகையான் (நெல் தண்டில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி) வயலுக்குள் நுழைந்து ஒன்றரை, இரண்டு மாதம் ஆகியிருக்கும். அந்த நாட்களில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, மழை பெய்ததா, மூட்டமாக இருந்ததா என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். பூச்சி உள்ளூரில் பெருகியதா, வெளியிலிருந்து வந்ததா, இன்னும் வருமா, மருந்து இன்றைக்கே தேவையா, நான்கு நாள் பொறுக்கலாமா என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டு மக்காச்சோளம், நெல், மானாவாரி நிலக்கடலை ஆகிய மூன்றையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் வயலில் தெரிவது எந்தத் தலைப்பில் வருகிறதோ நேராக அங்கே போகலாம். அதற்கு முன் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிடுங்கள்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

விதைத்த அல்லது நட்ட தேதி, கடைசியாக யூரியா போட்ட தேதி, கடைசியாக மருந்து அடித்த தேதியும் மருந்தின் பெயரும். இவை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இல்லாமல் போவது வானிலைக் குறிப்புதான். வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டத்திலேயே ஒரு சொல் எழுதினால் போதும்: மழை, தூறல், மூட்டம், வெயில். பக்கத்தில் மேல்காற்றா வாடையா என்று இன்னொரு சொல். இரண்டு மாதம் இப்படி எழுதிய காலண்டர், பூச்சி வந்த அன்று எந்தப் புத்தகத்தையும்விட அதிகம் சொல்லும்.

இந்திய வானிலைத் துறையின் வேளாண் வானிலை அறிவுரை வாரம் இரு முறை, செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. மேக்தூத் செயலியிலும் பார்க்கலாம். மழை வருமா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் அடுத்த ஐந்து நாள் காற்றின் திசையையும் மேகமூட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். இணையத்தில் காற்று வரைபடம் பார்க்கத் தெரிந்தவர்கள் தரைக் காற்றை விட்டுவிட்டு 925 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அது தரையிலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்துக் காற்று. பூச்சிகள் பயணம் போகும் உயரம் பெரும்பாலும் அந்த அளவுதான்.

அப்புறம் பொறிகள். மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையை வைத்து ஆண் அந்துப்பூச்சியை இழுப்பது), நெல்லுக்கு ஒரு விளக்குப்பொறி. விளக்கு இரவு 7 முதல் 10 மணி வரை எரிந்தால் போதும். விடிய விடிய எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து சாகும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விளக்குப்பொறியில் பூச்சி குறைவாகத்தான் விழும். அதைப் பார்த்துப் பூச்சி குறைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

காற்று பூச்சியை எப்படி ஏற்றி இறக்குகிறது

வலசை போகும் பூச்சிகளில் பெரும்பாலானவை பொழுது சாயும் நேரத்தில் மேலே கிளம்புகின்றன. தரை குளிரத் தொடங்கும்போது சில நூறு மீட்டர் உயரத்தில் வெதுவெதுப்பான காற்று ஓர் அடுக்காக நிற்கும். இரவில் அங்கே காற்றின் வேகமும் கூடுதலாக இருக்கும். அந்த அடுக்கில் சேர்ந்துவிட்டால் சிறகடிப்பது மிதப்பதற்கு மட்டும்தான், கொண்டுபோவது காற்று. சில மில்லிமீட்டர் நீளமுள்ள புகையானுக்குத் தானாக வழி தேர்ந்தெடுக்கும் வலிமை கிடையாது. காற்று போகும் இடம்தான் அது போகும் இடம். மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் அந்துப்பூச்சிக்குச் சொந்த பலமும் உண்டு. நல்ல காற்று கிடைத்தால் ஒரே இரவில் 100 கிலோமீட்டர் கடக்கும்.

இதற்கு ஜப்பான் ஒரு நல்ல சான்று. அங்கே குளிர்காலத்தில் புகையானால் உயிரோடு இருக்க முடியாது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் வந்தது. 1732இல் அதனால் பெரும் பஞ்சமே ஏற்பட்டது. எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1967 ஜூலையில், கரையிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் கடலில் நின்றிருந்த வானிலைக் கப்பலைச் சுற்றித் தத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்தன. அதன்பிறகுதான் சீனாவின் தென்பகுதியிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் பருவக்காற்று அவற்றைக் கடல் தாண்டிக் கொண்டுவருவது உறுதியானது.

இறங்குவதற்கும் வானிலைதான் காரணம். மழை மேகத்தின் அடியில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி வேகமாக இறங்கும்போது மேலே பறக்கும் பூச்சியும் இறங்கிவிடும். இரு திசைக் காற்றுகள் வந்து மோதும் இடத்திலும் அவை குவிகின்றன. அதனால்தான் நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் இடிமழையை ஒட்டிப் பூச்சி கூட்டமாகத் தெரிகிறது. சின்ன அளவிலும் இது நடக்கும்: சவுக்கு வேலியோ பனை வரிசையோ இருந்தால் காற்று வரும் திசைக்கு மறுபக்கம் காற்று தணியும், பூச்சி அங்கே அதிகமாக இறங்கும். வயலில் ஒரு பக்கம் மட்டும் சேதம் கூடுதலாக இருந்தால் முதலில் மரவரிசையைப் பாருங்கள்.

அறிகுறி: மக்காச்சோள இலையில் சுரண்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள், ஊசித் துளைகள்

புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தலையில் தலைகீழான ஒய் எழுத்துபோல ஒரு வெளிர் கோடும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது அமெரிக்கப் படைப்புழு. மிகச் சிறிய புழுவில் இது சரியாகத் தெரியாது. கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், இல்லையென்றால் இரண்டு நாள் டப்பாவில் வளர்த்துப் பாருங்கள்.

இந்தப் புழு 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்பட்டது; 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தெரிந்தது; அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்து பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மானாவாரி மக்காச்சோளத்தை அரசு நிவாரணம் கொடுக்கும் அளவுக்குப் பாழாக்கியது. 2020 தொடக்கத்துக்குள் ஆஸ்திரேலியாவின் வடகோடி வரை போய்விட்டது. நான்கே ஆண்டில் இவ்வளவு தூரம் கடந்ததில் வணிகச் சரக்குக்கும் பங்கு உண்டு, காற்றுக்கும் பங்கு உண்டு.

இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். வெயில் காலத்தில் முட்டை பொரிக்க இரண்டு மூன்று நாள். பொரித்த புழு இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும் பருவம் இன்னொரு மூன்று நான்கு நாள். ஆக, இன்றைக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தால் அந்துப்பூச்சி வந்தது சுமார் ஒரு வாரத்துக்கு முன். மார்கழி, தை மாதங்களில் இரவு குளிர்ந்திருந்தால் இரண்டு மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து வயலைக் குறுக்காக நடந்து, புழுக்களின் அளவைக் கவனியுங்கள். வயல் முழுக்கப் பரவலாக, எல்லாப் புழுவும் ஒரே அளவில் இருந்தால் அந்துப்பூச்சி ஒரே அலையாக வந்து இறங்கியிருக்கிறது. காலண்டரில் அந்த வாரத்தில் நல்ல காற்றோ முதல் மழையோ பதிவாகியிருக்கும். இந்த வகையில் ஒரு முறை சரியாகத் தலையிட்டால் அடங்கிவிடும், ஏனென்றால் எல்லாம் ஒரே வயது. மாறாக, வரப்போரம் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும், சிறிதும் பெரிதுமாகப் புழுக்கள் கலந்து இருந்தால் பக்கத்தில் முதிர்ந்த மக்காச்சோளம் நிற்கிறது, அங்கிருந்து தினமும் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு தடவை அடித்து முடியாது. காற்று வரும் திசையில் இருக்கும் வயல்காரரோடு பேசாமல் இதற்குத் தீர்வு இல்லை.

திட்டுத் திட்டாக நாலைந்து செடிகள் சேர்ந்து பாதித்திருந்தால் குழம்ப வேண்டாம். அந்துப்பூச்சி நூறு, இருநூறு முட்டைகளை ஒரே குவியலாக வைத்து, தன் உடல் செதில்களால் பஞ்சுபோல் மூடிவிடும். பொரித்த புழுக்கள் நூல் விட்டுத் தொங்கிக் காற்றில் ஆடிப் பக்கத்துச் செடிக்குப் போகும். இந்தத் திட்டுகளின் நடுச் செடியில் இலையின் அடிப்புறத்தைத் தேடினால் காலியான முட்டைக் குவியல் பெரும்பாலும் கிடைக்கும். பக்கத்தில் பொரிக்காத குவியல் கிடைத்தால் அப்படியே நசுக்கிவிடுங்கள். ஒரு நசுக்கில் நூறு புழு போகும்.

மருந்து முடிவு மழையைப் பொறுத்தது. நூறு செடிக்கு ஐந்து பாதித்திருந்தால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் போதும். பத்தைத் தாண்டினால் குளோரன்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (எண்ணும் எழுத்தும் லேபிளில் இருக்கும், மருந்தின் வீரியத்தையும் வகையையும் சொல்பவை) லிட்டருக்கு 0.4 மில்லி, அல்லது எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம், அல்லது ஸ்பினிடோரம் 11.7 எஸ்.சி. லிட்டருக்கு 0.5 மில்லி. குருத்துக்குள் இறங்கும்படி காலையிலோ மாலையிலோ அடிக்க வேண்டும். ஆனால் அடுத்த இரண்டு நாளில் கனமழை என்று அறிவிப்பு இருந்தால் பொறுங்கள். மருந்து கழுவிப் போகும் என்பது ஒரு காரணம். கனமழை தானே வேலை செய்யும் என்பது இன்னொன்று: குருத்தில் தண்ணீர் தேங்கிச் சிறு புழுக்கள் மூழ்கிச் சாகும், முட்டைக் குவியலும் உதிரும். மழை விட்ட மறுநாள் திரும்ப எண்ணிவிட்டு முடிவெடுங்கள். தூறலுக்கு இந்தச் சக்தி கிடையாது. வெறும் தூறலும் மூட்டமும்தான் வரும் என்றால் காத்திருப்பதில் பயனில்லை.

அறிகுறி: குருத்தில் மரத்தூள்போல எச்சம், இலைகள் கிழிந்து தொங்குகின்றன

வந்து இரண்டரை, மூன்று வாரம் ஆகிவிட்டது. பெரிய புழு தன் எச்சத்தாலேயே குருத்தை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். தெளிப்பு மருந்து அங்கே போய்ச் சேராது. தவிடும் வெல்லமும் கலந்து ஒரு நாள் புளிக்க வைத்து, தயோடிகார்ப் சேர்த்த நச்சு உணவைச் சாயங்காலம் குருத்தில் வைப்பதுதான் இந்த நிலையில் எடுபடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆடுமாடு வயலுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புழு அடுத்து மண்ணுக்குள் இறங்கி, வெயில் நாட்களில் எட்டொன்பது நாளில் அந்துப்பூச்சியாகிக் காற்றோடு கிளம்பும். தேதியை எண்ணிப் பாருங்கள். அந்த வாரத்தில் காற்று போகும் திசையில் இளம் மக்காச்சோளம் யாராவது வைத்திருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் பொறி வைத்துத் தயாராக இருக்க ஒரு வாரம் கிடைக்கும். நம் ஊர்களில் புரட்டாசியில் ஆளுக்கு ஒரு வாரம் என்று முன்பின்னாக விதைப்பதுதான் இந்தப் பூச்சிக்கு நாம் செய்யும் பெரிய உதவி. ஒரு மழையை ஒட்டி ஊரே சேர்ந்து பத்து நாளுக்குள் விதைத்து முடித்தால் பறந்து போய் இறங்க அதற்குப் பிஞ்சுப் பயிர் இருக்காது.

அறிகுறி: புழு செடியிலேயே விறைத்து, வெள்ளைப் பூசணம் பூத்துக் கிடக்கிறது

நல்ல செய்தி. நாலைந்து நாள் ஈரமும் மூட்டமும் தொடர்ந்தால் மெட்டாரைசியம் ரைலி என்ற பூஞ்சை புழுக்களைத் தானாகவே பிடிக்கும். முதலில் வெள்ளையாகவும் பிறகு வெளிர் பச்சையாகவும் தெரியும். இப்போது பூச்சிமருந்துக் கடைக்குப் போகாதீர்கள். பூஞ்சைக்கொல்லி எதையும் கண்டிப்பாக அடிக்காதீர்கள். தினமும் ஒரே இருபது செடிகளைப் பார்த்து, உயிருள்ள புழு குறைகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் திரும்பிக் காற்று காய்ந்துவிட்டால் பூஞ்சையின் வேகம் நின்றுவிடும். அன்று மீண்டும் எண்ணி, தேவைப்பட்டால் மட்டும் தலையிடுங்கள்.

அறிகுறி: நெல் வயலில் வட்ட வட்டமாகப் பயிர் மஞ்சளாகி, தீய்ந்ததுபோல் சாய்கிறது

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூர் பக்கம் சம்பாவிலும் தாளடியிலும் கதிர் வந்த பிறகு இது தெரிந்தால் முதல் சந்தேகம் புகையான். வட்டத்தின் நடுவே பார்க்காதீர்கள், அங்கே பூச்சி காலி செய்துவிட்டுப் போயிருக்கும். பச்சையும் மஞ்சளும் சேரும் ஓரத்தில் ஒரு தூரைச் சாய்த்துப் பிடித்து, அடித்தண்டை நான்கு தட்டு தட்டுங்கள். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னதாகப் பூச்சிகள் தண்ணீர்மேல் விழும். விழுந்த வேகத்தில் பக்கவாட்டில் நடந்து தண்டின் மறுபுறம் ஒளியும். தண்ணீர் இல்லாத வயலில் வெள்ளைத் தட்டைக் கீழே பிடித்துத் தட்டுங்கள்.

விழுந்ததை அப்படியே எண்ணிவிட்டுப் போகாமல் சிறகைப் பாருங்கள். வந்த கதை முழுக்க அதில் இருக்கிறது. புகையானில் இரண்டு வடிவம் உண்டு. நீளச் சிறகு உள்ளது பறந்து வரும், பறந்து போகும். குட்டைச் சிறகு உள்ளது பறக்காது. வயிறு பெருத்து, ஓரிடத்தில் உட்கார்ந்து முட்டை வைத்துக்கொண்டே இருக்கும்.

நட்டு இருபது, முப்பது நாளில் நீளச் சிறகுப் பூச்சி ஒன்றிரண்டு தெரிந்தால் அது வரவு. அவை நம் டெல்டாவுக்குக் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடையாகும்போது அந்த வயல்களில் இருந்தவை மாலையில் கிளம்பி, காற்றோடு போய்ப் பக்கத்து இளம் சம்பாவில் இறங்குகின்றன. குறுவை அறுவடை நடக்கும் வாரத்தில் விளக்குப்பொறியைக் கட்டாயம் எரியவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐம்பது, அறுபது நாளில் குட்டைச் சிறகுப் பூச்சி அதிகம் என்றால் அது பெருக்கம். வந்தவை உங்கள் வயலிலேயே குடும்பம் நடத்துகின்றன. ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று வைத்தால், மார்கழியில் வட்டம் விழும் வயலுக்கு ஐப்பசியிலேயே பூச்சி வந்திருக்கும். நடுவில் இருந்த கார்த்திகை எப்படி இருந்தது என்று காலண்டரைப் பாருங்கள். விட்டு விட்டுத் தூறல், நாள் கணக்கில் மூட்டம், தூர்களுக்குள் புழுக்கம், வயலில் வடியாத தண்ணீர், அதோடு மழை விட்டதும் பயிர் வெளுத்திருக்கிறதே என்று தூக்கிப்போட்ட யூரியா. இவை ஒன்றுசேர்ந்த ஆண்டில் புகையான் தவறாது. கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும் ஆண்டில் அவ்வளவாக வருவதில்லை.

அறுவடை நெருங்கும்போது மறுபடியும் புதிதாக நீளச் சிறகுப் பூச்சிகள் தெரிந்தால் அவை கிளம்பத் தயாராகின்றன. இந்த நிலையில் மருந்துக்குச் செலவழிப்பதைவிட முற்றிய கதிரைச் சீக்கிரம் அறுப்பதே மேல்.

மார்கழிக் குளிரில் செத்துவிடும் என்று சிலர் காத்திருப்பார்கள். வேண்டாம். ஏறத்தாழ 17 டிகிரிக்குக் கீழே போனால்தான் புகையான் பறப்பதை நிறுத்தும். டெல்டாவில் தை மாத இரவுகூடச் சாதாரணமாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. பகலில் தூருக்குள் இருக்கும் வெப்பமும் ஈரமும் அதற்குச் சுகமான வாழ்விடம்தான்.

செய்ய வேண்டியது: முதல் வேலை தண்ணீரை வடிப்பது. மூன்று நான்கு நாள் காயவிட்டு, மயிர்க்கோடு வெடிப்பு வந்ததும் திரும்பப் பாய்ச்சுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டாலே தூருக்குள் ஈரப்பதம் குறையும். மழைக்காலத்தில் வடிகால் மேடாகிக் கிடந்தால் இது நடக்காது. ஆகவே வடிகாலை ஐப்பசிக்கு முன்பே வெட்டியிருக்க வேண்டும். எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டு நட்ட வயலில் காற்றும் வெளிச்சமும் அடிவரை போகும். நடும்போது விடாதவர்கள் இப்போது பயிரை இரண்டு பக்கமும் விலக்கிச் சாய்த்துவிடலாம்.

பிறகு எண்ணிக்கை. ஒரு தூருக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் கிளைக்கு, அதாவது தூரின் ஒரு தண்டுக்கு, இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையென்றால் கிளைக்கு ஒன்று என்பதே எல்லை. மெலிந்த உடம்போடு பச்சை நிறத்தில் வேகமாக ஓடும் மிரிட் நாவாய்ப்பூச்சியைப் புகையான் என்று நினைத்து எண்ணிவிடாதீர்கள். அது புகையானின் முட்டையை உறிஞ்சி வாழ்வது, அதே காற்றில் பின்னாலேயே வருவது.

எல்லை தாண்டினால் பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி. ஏக்கருக்கு 120 கிராம், அல்லது டிரைஃப்ளூமெசோபைரிம் 10 எஸ்.சி. ஏக்கருக்கு 94 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீராவது வேண்டும், பயிரை விலக்கி அடித்தண்டில் படும்படி அடிக்க வேண்டும். மேலே இலையில் அடித்த மருந்தால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, சிலந்திக்குத்தான் கேடு. பைமெட்ரோசின் பூச்சி சாறு உறிஞ்சுவதைத்தான் நிறுத்தும். அது பட்டினி கிடந்து மெல்லச் சாகும். மறுநாள் உயிரோடு இருக்கிறதே என்று இன்னொரு மருந்தைக் கலந்து அடிக்காதீர்கள்.

அறிகுறி: நெல் இலை நீளவாக்கில் மடிந்து, உள்ளே வெள்ளையாகச் சுரண்டியிருக்கிறது

இலைச்சுருட்டுப் புழு. மூட்டமும் நிழலும் கூடுதல் யூரியாவும் இருந்தால் வரும். மடிப்பைப் பிரித்து, உள்ளே உயிருள்ள புழு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய மடிப்பை எண்ணி மருந்தடிப்பது காசுக்குக் கேடு. தூர் கட்டும் பருவத்தில் பத்து சதம் இலை, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) ஐந்து சதம் வரை பொறுக்கலாம். வெயில் திரும்பினால் பெரும்பாலும் பயிர் தேறிவிடும்.

அறிகுறி: முதல் கோடை மழைக்குப் பின் தெருவிளக்கில் வெள்ளை அந்துப்பூச்சிகள், பத்து நாளில் நிலக்கடலையில் கம்பளிப்புழு

இது வேறு வகை. சிவப்புக் கம்பளிப்புழு தூரத்திலிருந்து காற்றில் வருவதில்லை. சென்ற ஆண்டு மண்ணுக்குள் போன கூட்டுப்புழு மாதக்கணக்கில் அங்கேயே உறங்கிக் கிடக்கும். நல்ல மழை இறங்கி மண் நனைந்ததும் சில நாளிலேயே அந்துப்பூச்சியாகி மொத்தமாக வெளியே வரும். வலசை போவது புழுதான், அதுவும் நடந்து. ஒரு வயலைத் தின்று முடித்துவிட்டுக் கூட்டமாக அடுத்த வயலுக்குப் போகும்.

இந்தப் பூச்சியில் மழைத் தேதிதான் எல்லாம். விழுந்த மழை மண்ணை நன்றாக நனைத்தது என்றால் அன்றிரவு தொடங்கி விளக்குப்பொறியோ, வரப்பில் தீ மூட்டமோ வையுங்கள். ஒரு வீட்டார் மட்டும் வைத்தால் போதாது, மானாவாரிக் கொல்லை வைத்திருக்கும் எல்லோரும் ஒரே இரவில் வைத்தால்தான் பலன். அடுத்த நாலைந்து நாளில் இலையின் அடியில் முட்டைக் குவியலும், சல்லடையாய்த் தெரியும் இலையில் கூட்டமாக இருக்கும் இளம்புழுவும் கையால் பறித்து அழிக்கக்கூடிய நிலையில் இருக்கும். அந்த வாரத்தைத் தவறவிட்டால் புழுவுக்கு மயிர் முளைத்துவிடும். பிறகு மருந்து எளிதில் பிடிக்காது. அப்போது புழு வரும் பக்கம் ஓரடி ஆழத்தில் செங்குத்தான ஓரத்தோடு குழி வெட்டி, விழுவதை அழிப்பதே வழி.

மழைக்குப் பின் நெல் நாற்றங்காலை ஒரே இரவில் ஆடு மேய்ந்ததுபோல் வெட்டியிருந்தால் அது நெல் படைப்புழு. வறட்சிக்குப் பின் வெள்ளம் வந்த ஆண்டுகளில்தான் இது கிளம்பும். நாற்றங்காலில் தண்ணீரை நிறையக் கட்டினால் மறைந்திருக்கும் புழு நுனிக்கு ஏறும், கொக்கும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். வாத்து மேய்ப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அறிகுறி: வெட்டுக்கிளிக் கூட்டம், பாலைவன வெட்டுக்கிளியா என்ற பயம்

2020 மே மாதக் கடைசியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் கூட்டமாக வெட்டுக்கிளி தெரிந்து பெரிய பீதி ஆனது. பார்த்தபோது உள்ளூர் வகைதான். எருக்கில் உட்கார்ந்து எருக்கையே தின்றுகொண்டிருந்தால் கவலை வேண்டாம். பாலைவன வெட்டுக்கிளி பகலில், காற்று போகும் திசையில், மேகம்போல் பறந்து வரும். 2018இல் மெகுனு, லூபன் என்ற இரண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் மழையைக் கொட்டியதில் மணல் பச்சையாகி அவை பெருகின. அந்த வரிசையில்தான் 2020இல் ராஜஸ்தான் தாண்டி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் வரை வந்தன. அந்தக் கோடையின் முடிவில் தென்மேற்குக் காற்று வலுப்பட்டது. அது தமிழ்நாட்டின் பக்கம் அவற்றைத் தள்ளும் காற்று கிடையாது.

அறிகுறி: பொறியில் அந்துப்பூச்சி நிறைய, வயலில் புழு இல்லை

அவசரப்பட்டு மருந்து அடிக்க வேண்டாம். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் மட்டும். வழிப்போக்காகக் கடந்து போகும் கூட்டமும் விழும். விழுந்த தேதியைக் குறித்து, ஐந்தாம் நாளும் எட்டாம் நாளும் இலையின் அடிப்புறத்தையும் குருத்தையும் பாருங்கள். நடுவில் கனமழை பெய்திருந்தால் முட்டை கழுவிப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: மருந்து அடித்தேன், பத்து நாளில் திரும்ப அதே பூச்சி

மருந்து போலி என்றோ, பூச்சிக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்றோ உடனே முடிவு கட்டாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

அடித்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் மழை பெய்ததா? ஆம் என்றால் மருந்து கழுவிப்போயிருக்கும். எஞ்சிய புழு எல்லா அளவிலும் இருக்கும்.

மழை இல்லை, இப்போது இருப்பவை எல்லாம் சின்னஞ்சிறு புழுக்கள் மட்டும்தானா? அப்படியானால் நீங்கள் அடித்தது வேலை செய்துவிட்டது. பழையவை செத்தன, இது புது வரவு. அடித்த நாளுக்குப் பிறகு காற்றோ மழையோ எப்போது மாறியது என்று காலண்டரில் பாருங்கள். காற்று இன்னும் அதே திசையில், முதிர்ந்த பயிர் நிற்கும் பக்கமிருந்து அடித்தால் அடுத்த வாரமும் வரும். அதே மருந்தை மறுபடி அடிக்காமல் வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். முட்டைக் குவியலைப் பறிப்பதைத் தினசரி வேலையாக்குங்கள்.

பெரிய புழு உயிரோடு இருக்கிறது, மழையும் பெய்யவில்லை என்றால் மருந்து புழு இருக்கும் இடத்துக்குப் போகவில்லை. நாசில் குருத்தைப் பார்த்து இருந்ததா, ஏக்கருக்கு எத்தனை டேங்க் போனது என்று மருந்து அடித்தவரிடம் கேளுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் சாகவில்லை என்றால்தான் எதிர்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது உயிருள்ள புழுவையும் மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள்.

நெல்லில் புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பியிருந்தால் கேள்வி வேறு: அதற்கு முன் இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின்போன்ற மருந்து அடித்தீர்களா? அந்த வகை மருந்து சிலந்தியையும் மிரிட் பூச்சியையும் கொன்றுவிடும். புகையான் தடையில்லாமல் பெருகும். மூட்டமான கார்த்திகையில் இந்த மருந்தைக் கையிலேயே எடுக்காதீர்கள். இப்போது செய்யக்கூடியது தண்ணீரை வடித்து, யூரியாவை நிறுத்தி, மூன்று நாளைக்கு ஒரு முறை தூரைத் தட்டி, சிலந்தி திரும்புகிறதா என்று பார்ப்பது. அது திரும்புவதற்குள் எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் மேலே சொன்ன இரண்டு மருந்துகளில் முன்பு அடிக்காததை அடித்தண்டில் அடியுங்கள்.